சோலைமலை சேர்த்து அனுப்பிய சான்றிதழ்

1948 ஜூன் 14, திங்கட்கிழமை. இலங்கை மலையகத்துத் தலவாக்கலை ஸ்டேஷனில் சோலைமலைக்கு மாலை போட்டவர்களில் பாதிப் பேருக்கு அவன் என்ன படிக்கப் போகிறான் என்றே தெரியாது. மெட்ராஸ், பல்கலைக்கழகம் என்ற இரண்டு சொற்களுக்காகவே மாலை. லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் கூலியாட்களை வேலை வாங்கும் சில்லறைக் கங்காணியாக இருந்த அவன் அப்பா பொன்னையா, இரண்டு பசுக்களை விற்ற உரிமையில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

"மூணு வருசம் போட்டா புடிக்கப் படிக்கிறான்."

"அதுக்கு மூணு வருசமாப்பா? ஒருக்காக் கண்ணை மூடித் தொறந்தா முடிஞ்சிருமே" என்றாள் அக்கா மீனம்மா. கொழுந்து பறிக்கிறவளுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும் என்று சோலைமலை ரயிலேறினான்.

அவன் படித்தது சாதாரணப் படம் பிடிப்பதல்ல; தொழில்முறை விளம்பரப் படக் கலை. குளிக்கிற சவர்க்காரக் கட்டியைப் பார்த்தால் தின்னத் தோன்ற வேண்டும். அதற்கு ஒரு வருடம் போயிற்று. ஆறிப்போன காப்பியிலிருந்து ஆவி வரவழைக்க இன்னொரு வருடம். மிச்சம் பரீட்சை.

1951 மே மாதம் முதல் வகுப்போடு திரும்பி, தலவாக்கலை பஜாரில் ஸ்டூடியோ திறந்தான். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினான். விளம்பரம் எடுக்கத்தான் ஆள் வரவில்லை. தேயிலைக் கம்பெனி தனக்கு வேண்டிய கொழுந்துக்காரியை லண்டனிலேயே வரைந்துகொண்டது. அவள், தலையிலிருந்து முதுகில் தொங்கவேண்டிய கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு நாள் மலையேறியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும்.

வந்தவர்கள் லயத்துச் சனங்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள். அவர்களில் காளியாயி என்பவளை ஒற்றை விளக்கில், ஒரு கன்னம் மட்டும் ஒளிரும்படி எடுத்துக் கொடுத்தான்.

"மீதி மூஞ்சி எங்க தம்பி?"

"அது நெழலுங்க. அதுதான் கலை."

"காலையும் காணோம். எங்க அண்ணனுக்கு அனுப்புற படம். காலு போயிருச்சுன்னு அங்க ஒப்பாரி வச்சிருவாங்க."

அந்த வருடம் ஆகஸ்டுக்குள், இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. இந்த மலையிலேயே பிறந்தவர்கள், இந்த மலையை விட்டு நீண்ட காலம் எங்கும் போகவில்லை என்று கொழும்புக்கு நிரூபிக்க வேண்டும். உரிமை கிடைக்காவிட்டால் ஸ்டூடியோவும் இல்லை, ஊரும் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண வாத்தியார் அம்பலவாணர் எல்லோருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தார். மீனம்மா தோட்டத்துப் பேர்ப்பதிவுத் துண்டைக் கொடுத்து, கைநாட்டு வைத்து, இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்தாள். சோலைமலை சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"மாஸ்டர், இதையும் சேர்த்து அனுப்புங்க. படிச்சவன்னு தெரியட்டும்."

அம்பலவாணர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "தம்பி, நாப்பத்தெட்டாம் ஆண்டிலையிருந்து மூண்டு வரியம் நீர் மெட்ராஸிலை இருந்தனீர் எண்டெல்லோ இதிலை கிடக்கு?"

"ஆமாங்க. முதல் வகுப்பு."

"நான் அதைச் சொல்லேல்லை."

"ஒரு நாள்கூட லீவு போடலைங்க. கீழ பாருங்க, வருகை நூத்துக்கு நூறு."

அம்பலவாணர் மீனம்மாவைப் பார்த்தார்.

"காளியாயி மூஞ்சியில பாதிய இருட்டுல மறைக்கத் தெரிஞ்சுச்சே. இதை மறைக்கத் தெரியலையாடா ஒனக்கு?" என்றாள் அவள்.

"படிச்ச படிப்பை மறைக்கச் சொல்றியாக்கா? கொழும்புல இருக்கறவங்க படிச்சவங்க. படிச்சவன் அருமை அவங்களுக்குத் தெரியும்."

சான்றிதழ் பதிவுத் தபாலில் போயிற்று. சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது. திரும்பி வரும் என்று அதில் வேறெதையும் அவன் மாட்டவில்லை.

ஐந்தாம் வருடம் மீனம்மாவுக்கு உரிமைப் பத்திரம் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஸ்டூடியோவில் நின்றாள். முழு முகம், இரண்டு கால், நிழலே இல்லை. முதல் வகுப்புக்காரன் அப்படியே எடுத்துக் கொடுத்தான்.

அவனுக்கான கடிதம் 1962 மார்ச்சில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை அம்பலவாணர் தமிழில் மெதுவாக வாசித்தார்.

"மனுதாரர் தாமே அனுப்பிய ஆவணத்தின்படி, மூன்று ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் இந்தியாவில் இருந்திருக்கிறார். மனு நிராகரிக்கப்படுகிறது. சான்றிதழ் பத்திரமாக இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது."