நிரப்பாத டெலிபோன் பாரம்

அம்மா இறந்த மறுவருடம் என் தம்பி மெல்பர்னுக்கு வேலைக்குப் போனான். எங்கள் தீவின் மலையடிவாரத்தில், ஆயர் ஈத்தாமில் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று விசாரிக்கிறவர்களும் அதற்குள் ஓய்ந்திருந்தார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் தம்பி டெலிபோன் அலுவலகத்துக்குப் போய், புது இணைப்புக்கான விண்ணப்ப பாரம் ஒன்றை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"அக்கா, நான் போனதும் முதல் வேலையா இதை நிரப்பிக் கொடுத்துடுங்க. இல்லன்னா அங்கேர்ந்து நான் உங்ககூட எப்படிப் பேசுறது?"

"அடுத்த வாரம் கொடுத்துடுறேன்லா. நீ பெட்டியைக் கட்டு."

அந்த அடுத்த வாரம் வருவதற்கு மூன்று வருடம் ஆனது.

நான் சோம்பேறி இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். கப்பலில் ஏற்றும் சரக்குகளுக்கான பத்திரங்களை டைப் செய்வது என் வேலை. நாலு மணிக்குக் கப்பல் புறப்படுகிறது என்றால் பன்னிரண்டு மணிக்கே தாள்கள் முதலாளியின் மேசையில் இருக்கும். இருபது வருடத்தில் ஒரு தாள்கூட என்னால் தாமதமானதில்லை. அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்தால், ஒரு பக்கத் தாள் ஒன்றை நிரப்ப முடியாமல் மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டு மூடி வைத்திருந்தேன்.

காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. முதலில், வீட்டுக்குச் சாயம் அடித்த பிறகு டெலிபோன் வைக்கலாம் என்று நினைத்தேன். சாயம் அடிக்கவில்லை. பிறகு, ஆள் வந்து மாட்டும் நாளில் வீட்டில் யாராவது இருக்க வேண்டுமே, நான் வேலைக்குப் போய்விடுவேனே என்று தோன்றியது. ஒரு தடவை பாரத்தை எடுத்து மேசையில் வைத்து, பேனாவையும் திறந்து, காப்பி கலக்கப் போனேன். திரும்பி வரும்போது காப்பி கொஞ்சம் தாளில் சிந்திவிட்டது. கறையோடு எப்படிக் கொடுப்பது, புதுத் தாள் வாங்க வேண்டும் என்று மறுபடி லாச்சிக்குள் வைத்தேன். பிறகு தீபாவளி வந்தது. தீபாவளி முடியட்டும் என்றேன். ஒவ்வொரு காரணமும் அந்தந்தச் சமயத்தில் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

டெலிபோன் இல்லாததால் தம்பி கீழே இருந்த மளிகைக் கடைக்குக் கூப்பிடுவான். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பதினோரு மணி. கடைக்காரச் சீனரின் மனைவி படிக்கட்டருகில் நின்று மேலே பார்த்துக் கத்துவாள்.

"காக்! ஆஸ்திரேலியா!"

காக் என்றால் மலாய் மொழியில் அக்கா. அவள் போடும் சத்தத்தில் எங்கள் கட்டடம் முழுவதற்கும் என் தம்பி பேசுகிறான் என்று தெரிந்துவிடும். நான் ஓடிப்போய், வெங்காய மூட்டைக்கும் நெத்திலிக் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவில் நின்று பேசுவேன். பக்கத்தில் யாராவது முட்டை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"நல்லா இருக்கேன். நீ?"

"நல்லா இருக்கேன். போன் பாரம் கொடுத்துட்டீங்களா?"

"கொடுக்கணும். இந்த வாரம் போறேன்."

மூன்று நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். நல்லா இருக்கேன் என்பதைத் தவிர வேறு எதையும் அந்தக் கடையில் நின்று சொல்ல முடியாது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது வருடம் அவன் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். படம் அனுப்பியிருந்தான். மூன்றாவது வருடம், அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று கடை டெலிபோனில் சொன்னான். வெங்காய மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். கடைக்காரர் மனைவி என்ன செய்தி என்று கேட்டு, எனக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துச் சீனப் பெருநாள் வந்தது. கடைக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, வழக்கம்போல் கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் அலுவலகமும் சனி ஞாயிறோடு சேர்த்து நாலு நாள் மூடியிருந்தது. அந்த நாலு நாளும் நான் வெளியே எங்கும் போகவில்லை. கூரையில் தொங்கும் காற்றாடியின் இறக்கைகளைக் கழற்றித் துடைத்தேன். அம்மாவின் சேலைகளை வெயிலில் போட்டு எடுத்தேன். கீழே பட்டாசு வெடித்துக்கொண்டே இருந்தது. நாலு நாளில் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் புதிதும் இல்லை.

பத்து நாள் கழித்துத் தம்பியின் கடிதம் வந்தது. ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்து, ஒரு நாள் இருந்து, போய்விட்டது என்று எழுதியிருந்தான்.

"நாலு நாளா கடைக்கு அடிச்சுப் பார்த்தேன். மணி போய்க்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கலை. உங்க ஆபீசுக்கும் அடிச்சேன். இங்க எல்லாரும் அன்பாத்தான் இருக்காங்க. ஆனா அன்னைக்கு யார்கூடவாவது தமிழ்ல பேசணும்போல இருந்துச்சுக்கா. அப்புறம் விட்டுட்டேன்."

கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். மறுபடி உட்கார்ந்து படித்தேன். அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஸ்டூல் மேல் ஏறிக் காற்றாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்கிறவர்கள், மறுநாளே ஓடிப்போய் பாரத்தைக் கொடுத்திருப்பேன் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அதன் பிறகுதான் அந்த லாச்சியைத் திறப்பதே பெரும்பாடாகிவிட்டது. கடிதத்தைப் பாரத்தின் மேலேயே வைத்திருந்தேன். திறந்தால் இரண்டும் சேர்ந்தே கண்ணில் படும். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் என்னை எழுப்பி நடக்கவைக்கவில்லை. லாச்சியைத் திறக்காமல் சுற்றிப் போகத்தான் பழக்கியது. தம்பிக்குப் பதில் கடிதமும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று யோசிக்க யோசிக்க வாரங்கள் போயின. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நான் ஜன்னலோரம் காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை.

மறுநாள் பாரத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் செய்ய முடியாததை அலுவலகத்தில் செய்யலாம் என்று ஒரு நினைப்பு. பத்து மணி வாக்கில், இரண்டு சரக்குப் பத்திரங்களுக்கு நடுவில், அந்தத் தாளைக் காப்பிக் கறையோடு டைப்ரைட்டரில் சொருகினேன். பெயர், அடையாளக் கார்டு எண், விலாசம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடமாக வைத்திருந்தது ஐந்து நிமிட வேலை என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை.

பக்கத்து மேசையில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாய் ஓயாமல் பேசுகிறவள். அதனாலேயே நான் அவளிடம் அதிகம் பேச்சுக் கொடுத்ததில்லை.

"யாருக்குக்கா போன்?"

"எனக்கு."

"உங்க வீட்டுல போன் இல்லையா? இத்தனை வருஷமாவா? நீங்க நம்பர் கொடுக்க விரும்பலைன்னுல்ல நினைச்சேன்."

நான் தாளை டைப்ரைட்டரிலிருந்து உருவினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டு நேரத்துல நானும் வரேன், சேர்ந்து போய்க் கொடுத்துடலாம்" என்றாள். கொளுத்தும் வெயிலில் இருவரும் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். கறையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் ஆள் வருவதாகத் தகவல் வந்தது. நான் லீவு போட்டேன். வந்தவர் தமிழர், ஐம்பது வயதிருக்கும். கம்பியை இழுத்து முடித்து, "எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. சாப்பாட்டு மேசையைக் காட்டினேன். மாட்டிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"லைன் நல்லா இருக்கு. யாருக்காவது அடிச்சுப் பாருங்கம்மா."

நான் ரிசீவரை வாங்கினேன். யாருக்கு? எனக்கு ஒரு எண்கூடத் தோன்றவில்லை. அவர் கருவிப் பையை மூடிக்கொண்டு காத்திருந்தார். தம்பியைத் தவிர இந்த உலகத்தில் நான் கூப்பிடக்கூடிய ஆள் ஒருவருமில்லை. அவனைக் கூப்பிடவோ எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று வருடமாக நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. டெலிபோன் இல்லாதவரை, என்னை யாரும் தேடாததற்கு ஒரு காரணம் இருந்தது. பாவம், அவள் வீட்டில் போன் இல்லை, எப்படிக் கூப்பிடுவார்கள்? வாங்கி வைத்த பிறகும் அது மேசைமேல் சும்மா கிடந்தால் அந்தக் காரணமும் போய்விடும். நான் நிரப்பாமல் வைத்திருந்தது அதனால்தான்.

அவர் நிற்கிறாரே என்று அலுவலக எண்ணைச் சுழற்றினேன். பக்கத்து மேசைக்காரிதான் எடுத்தாள், ஆங்கிலத்தில் கம்பெனி பெயரைச் சொன்னாள்.

"நான்தான். சும்மா, லைன் பார்க்கிறோம்."

"அக்கா! வந்துருச்சா? இருங்க, பேனா எடுக்கிறேன். நம்பர் சொல்லுங்க."

அவர் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் பார்த்துப் பார்த்து என் எண்ணைச் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு வாரம் அது ஒலிக்கவில்லை. இரண்டு தடவை எடுத்து, லைன் இருக்கிறதா என்று கேட்டு வைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை ஒலித்தது. யாரோ மலாய்க்காரப் பெரியவர், தவறான எண். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

தம்பிக்கு நானேதான் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தேன். ஞாயிறு வந்ததும், அவன் வெளியே போயிருப்பான் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றேன். மறுபடியும் அதே பாட்டு ஆரம்பிக்கிறது என்று இந்தத் தடவை எனக்குக் காதில் விழுந்தது. திங்கட்கிழமை பக்கத்து மேசைக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குழந்தை உட்பட. அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை மணிக்குக் கூப்பிடப் போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை பார்த்து…"

"மணி சொல்லுங்கக்கா."

"ரெண்டு மணி."

"சரி. ரெண்டரைக்கு நான் உங்களுக்கு அடிப்பேன். பேசிட்டீங்களான்னு கேப்பேன். பேசலைன்னா திட்டுவேன்லா."

ஞாயிறு இரண்டு மணிக்கு மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எண்ணைச் சுழற்றும்போது இரண்டு தடவை தப்பாகிவிட்டது. மூன்றாவது தடவை அவனே எடுத்தான்.

"நான்தான்டா."

"அக்கா? எங்கேர்ந்து பேசுறீங்க?"

"வீட்டுலேர்ந்து. போன் வந்துருச்சு. கேளு, அந்த பாரம் மூணு வருஷமும் லாச்சியிலதான் கிடந்துச்சு. நான்தான் கொடுக்கலை. உன்கிட்ட சொன்னதெல்லாம் சாக்கு. நீ அடிச்ச நாலு நாளும் நான் இங்கதான் இருந்தேன், சும்மாதான் இருந்தேன்."

"கோவமா இருந்துச்சுக்கா. உங்க மேல இல்ல." நிறுத்தினான். "இல்ல, உங்க மேலயுந்தான்."

"திட்டுடா."

"திட்ட வரலை."

பிறகு அவனாகவே பேச ஆரம்பித்தான். "முடி நிறைய இருந்துச்சுக்கா. நர்ஸ் குல்லா போட்டு மறைச்சுட்டாங்க. நான்தான் கழட்டிப் பார்த்தேன். கறுப்பு முடி, சுருட்டை சுருட்டையா." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. நானும் அழுதேன். இரண்டு பேரும் ரிசீவரை வைக்கவில்லை. இங்கே மழை இறங்கிவிட்டது. "மழையா அது?" என்று கேட்டான். ரிசீவரை ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டினேன்.

மறுநாள் பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "ரெண்டரைக்கு அடிச்சேன், எங்கேஜ்டு. மூணுக்கு அடிச்சேன், அப்பவும் எங்கேஜ்டு. சரி, இனி திட்ட வேண்டியதில்லைன்னு விட்டுட்டேன்."

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த டெலிபோன் பெரும்பாலான நாட்களில் ஒலிக்கவே இல்லை. வேலை விட்டு வந்து கதவைத் திறக்கும்போது அது மேசைமேல் அப்படியே இருக்கும். சில நாள் அதைப் பார்க்கவே பிடிக்காமல் மேலே ஒரு துணியைப் போட்டிருக்கிறேன். தனிமை போகவில்லை. ஆனால் அதற்கு என்னிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. யாரோடாவது பேச வேண்டும் என்றால் நான்தான் எடுத்துச் சுழற்ற வேண்டும் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. சில சமயம் சுழற்றினேன். பல சமயம் நாளைக்கு என்று விட்டேன்.

அடுத்த வருடம் தம்பி மெல்பர்னுக்கு வரச்சொன்னான். "பார்க்கலாம்" என்று வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு, எந்த மாதம் என்று கேட்டேன். ஏப்ரல் என்றான். ஏப்ரலில் போனேன். இரண்டாம் நாள் காலையில், அவனும் அவன் மனைவியும் குழந்தையை அடக்கம் செய்திருந்த இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்ன இடம், புல் ஈரமாக இருந்தது. நல்ல குளிர். என் கை சில்லிட்டிருப்பதைப் பார்த்து அவன் மனைவி தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு, மற்றதை அவளிடமே கொடுத்தேன்.