அத்தை கட்டிய தெப்பக்குளம்

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் பல்லடம் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் மாட்டுப் பட்டியில் ஒரு தெப்பக்குளம் இருக்கும். சாணத்தால் சின்னதாகக் கரை கட்டி, தண்ணீர் விட்டு, நாலு பூவைப் போட்டிருப்பார்கள். பூசை முடிந்ததும் கன்றை ஓட்டி மிதிக்க விடுவார்கள். மிதித்தால் பட்டி பெருகும். எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் அத்தை கட்டியதைப் போல ஒன்றை அந்தச் சுற்றுவட்டாரம் கண்டதில்லை. இதை இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அத்தை அப்பாவின் தங்கை. அந்த ஐப்பசியில் கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், யாரோடும் பேசுவதில்லை. கன்றுக்குப் புல் போடுவதோடு சரி. பொங்கலுக்கு என்ன தோன்றியதோ, தானே பட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். சாணக் கரைமேல் செம்மண் பூசினாள். கோயமுத்தூரில் மில்கள் மளமளவென்று எழும்பிய காலம் அது. துணிக்கட்டில் ஒட்டி வரும் வர்ணப் படங்களைக் கிழித்து மண்மேல் ஒட்டினாள். அதற்கும் மேலே உடைந்த வளையல், பருத்தி, ஆவாரம்பூ. கரையோரம் காய்ந்த சோளத்தட்டையில் செய்த, விரல் நீளத்துக்கு ஒரு தொட்டில். அதற்குள் மெத்தையாக ஒரு சட்டைக் கிழிசல். யாருடைய சட்டை என்று நான் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் இழுத்துவந்து காட்டினேன். என்னவோ நானே கட்டியது மாதிரி தலைகால் புரியவில்லை.

இதையா கன்று மிதிப்பது என்று எனக்கு ஒரே கவலை. நான் வேண்டிக்கொண்டபடியே கன்று அந்தப் பளபளப்பைக் கண்டு மிரண்டு நின்றுவிட்டது. அப்பா இழுத்துப் பார்த்தார். பின்னால் வெண்கலத் தட்டைத் தட்டி விரட்டினார்கள். நகரவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அப்போதுதான் பொங்கலுக்கு வந்திருந்த பெரியம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"புள்ளைய வாரிக் குடுத்தவ கை பட்டா கன்னு எப்புடீங்க மிதிக்கும்?"

எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. குளம் போனால் போகட்டும், கன்று மிதித்தால் போதும் என்று ஆகிவிட்டது.

 அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே குளத்துக்குள் இறங்கினாள். அவள் காலடியில் முதலில் நசுங்கியது அந்தத் தொட்டில்தான். அதன்மேல் நின்றபடி கையை நீட்டி, "வா சாமி" என்றாள். கன்று துள்ளி அவளிடம் ஓடிவந்தது. கரை உடைந்து, படமும் பூவும் தண்ணீரோடு பட்டியெங்கும் பரவின. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தட்டினார்.  எங்கள் அத்தையைப் போல யாருக்கு அத்தை உண்டு என்று எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

அன்றைக்கு அத்தை மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் அவள் மடியில் ஏறிக்கொண்டு, வருகிற பொங்கலுக்கும் இதே மாதிரி வேண்டும், தொட்டில் மட்டும் இன்னும் பெரிதாக வேண்டும் என்றேன்.

"குளம் கட்டறேன் அம்மணி. தொட்டில் வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருந்ததிலேயே அழகு அதுதானே, அதைப் போய் வேண்டாம் என்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் போய்ப் படுத்துவிட்டேன்.