மேஸ்திரி வீட்டில் மூன்று நாள்

இந்த ஊர் ‘ஆங்’ எனக்குப் பிடிபட ஆறு மாதமாயிற்று. திருத்தணியில் பால்காரியும் வண்டிக்காரரும் எதைக் கேட்டாலும் ‘ஆங்’ என்கிறார்கள். ‘ஆகட்டும்’ என்பதும் அதுதான். ‘நீ சொன்னது காதில் விழுந்தது’ என்பதும் அதுதான். ரங்கூனில் எங்கள் தெருவிலிருந்த பர்மியத் தச்சர், மரம் இல்லையென்றால் ‘மஷிபூ’, இல்லை, என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். அப்போது அவர்மேல் கோபம் வரும். இங்கே வந்தபிறகு அந்த ஒரு சொல்லுக்காக ஏங்கினேன்.

குண்டுவீச்சுக்குத் தப்பி அரக்கான் மலை வழியாக நடந்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பாதையை நான் விவரிக்க வேண்டியதில்லை. மிஞ்சியது இரண்டு வளையல். அதை விற்றுத்தான், ரயிலடிக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் வீடு கட்ட முனிரத்தினம் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்தேன். “மழைக்கு முன்னாடி முடிச்சிடுவீங்களா?” என்று கேட்டேன். “ஆங்” என்றார். அஸ்திவாரக் குழிகூட விழவில்லை. போய்க் கேட்டால், “வந்துகினே இருக்கேம்மா, செங்கல்லுதான் கெடைக்கல” என்பார். அவரோ தினமும் காலை ரயிலில் அரக்கோணத்துக்கு விமானத்தளக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் குடியிருந்த மாட்டுக்கொட்டகையில் மழைத் தண்ணீர் நின்றது. நடந்து வந்ததில் என் கணவரின் காலில் விழுந்த புண், அந்த ஈரத்தில் மறுபடி சீழ் பிடித்தது.

ஒருநாள் காலை முடிவு செய்தேன். பாயையும் சட்டியையும் கட்டி, அவரை மாட்டுவண்டியில் ஏற்றி, மேஸ்திரி வீட்டுக் கூடத்தில் போய்ப் பாயை விரித்தேன்.

“இன்னாம்மா இது? ஊரு சிரிக்குது!” என்று மேஸ்திரி கத்தினார்.

“எங்க வீட்டை நீங்க கட்டி முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்போம். மலை தாண்டி வந்தவங்களுக்கு உட்கார்ந்திருக்கறது ஒண்ணும் கஷ்டமில்லை.”

அவர் மனைவி ராஜம்மா அடுப்பை மூட்டினாள். களி போட்டாள், என் கணவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். எனக்கு அது கூச்சமாக இருந்தது; ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி வேலைக்குப் போனதும் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, மெய்யாலுமே பணம் குட்த்தீங்களா?”

முன்பணத்துக்கு மேஸ்திரி கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தேதியை மட்டும் சொல்லச் சொன்னாள். சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“அந்த வாரந்தான் எருமை வாங்கியாந்தாரு. கூலிப் பணம்னாரே!”

அவரைக் கேட்காமலே எருமையை அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டிப் போனாள். மத்தியானம் பணத்தோடு திரும்பினாள். நான் கொடுத்ததில் பத்து ரூபாய் குறைந்தது. மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறோம், அந்தப் பத்து வேண்டாம் என்றேன். ஜெயித்த மாதிரியே இல்லை. அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் வாசலில் நின்றதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

வேறொரு கொத்தனார் சுவர் எழுப்பினார். கூரைக்கு ஓடா, ஓலையா என்று கேட்டார். ஓலை போதும், யுத்தம் முடிந்ததும் ரங்கூனுக்குக் கப்பலேறிவிடலாம் என்றார் என் கணவர். ஓடுதான் வேண்டுமென்றேன் நான். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சமையற்கட்டுக்கு ஓடு, முன்னறைக்கு ஓலை என்று ஆயிற்று. இப்போது மழை வந்தால் என் தலைக்குமேல் சடசடவென்று கேட்கிறது. அவர் படுத்திருக்கும் பக்கம் சத்தமே இல்லை. அடுப்பை விட்டெழுந்து, இரண்டுக்கும் நடுவே நிலைப்படியில் போய் நின்றுகொள்கிறேன்.