இன்பராஜைக் குனியாதவனாக்கினார்கள்

இன்பராஜ் கோழை என்று எங்கள் சுரங்க அதிகாரி எட்மண்ட் துரை சொன்னான். சுற்றி நின்ற நாற்பது பேரும் கைகொட்டிச் சிரித்தோம். அதில் பெரிய சிரிப்பு என்னுடையது. சம்பங்கி என்று பெயர் வைத்துக்கொண்டு நான் சிரித்த வெட்கங்கெட்ட சிரிப்பு அது.

பதினாறு வயதில் ஆம்பூர்ப் பக்கமிருந்து நடந்தே கோரமண்டல் தங்கச் சுரங்கத்துக்கு வந்தவன் இன்பராஜ். எட்டு வருடம் என்னோடு ஒரே ஷாஃப்டின், அந்தச் செங்குத்துக் குழியின், அடியில் பாறை துளைத்தான். அதிகம் பேச மாட்டான். ஞாயிறு கோயிலில் வாய் திறந்து பாடுவான், அதுவும் சுதி சேராது. அவன் அண்ணன்மார் இருவரும் அதே குழியில் தலையில் கல் விழுந்து போனவர்கள். மனைவி ஞானசுந்தரி முழுகாமல் இருந்தாள். "புள்ள பொறக்கறதுக்குள்ள மேல வேலைக்கு வந்துடு, இன்னா?" என்று தினமும் கேட்பாள். அவனுக்கும் வேறு ஆசையே கிடையாது.

1906இல் துரை மணல்மேட்டில் இரண்டு கம்பம் நட்டு, உச்சியில் மாங்காய்க் கூடைகளைக் கட்டினான். கூடைக்குள் தோல்பந்தைப் போட வேண்டும். விழுந்த பந்தை ஏணி வைத்து எடுக்க வேண்டும். "இது ஆட்டம் இல்லே. ஆம்பளையாக்குற பாடம்" என்றான். குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு மேலே நின்று மெழுகுவத்தி கொடுக்கும் வேலை காலியாக இருக்கிறது, நன்றாக ஆடுகிறவனுக்கு அது என்றும் சொன்னான்.

சம்மட்டி பிடித்த கை, இன்பராஜின் குறி தப்பவே தப்பாது. ஆனால் பந்து மேலிருந்து இறங்கினால் போதும், கழுத்தை உள்ளே இழுத்துத் தலையைப் பொத்திக் குந்திவிடுவான். வேறென்ன செய்வான்? ஷாஃப்டில் மேலிருந்து "வுழுது!" என்று கத்தினால் பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அண்ணாந்து பார்க்கவே கூடாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிற இடமா அது! எங்களுக்கும் முதலில் உடம்பு கூசியது. நாலு நாளில் பந்து வெறும் பந்து என்று தெரிந்துகொண்டோம். அவன் உடம்பு மட்டும் கேட்கவில்லை.

துரை விடவில்லை. ஷிப்டு முடிந்து வந்தவனைக் கம்பத்தடியில் நிறுத்தி, பந்தை உயரத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தான். "குனியாதே. பாரு. கை நீட்டு." மூக்கு உடைந்தது. உதடு கிழிந்தது. அவன் குனிந்தபோதெல்லாம் நாங்கள் பெண்பிள்ளைக் குரலில் கூவினோம். பத்தொன்பதாம் நாள் கண்ணைத் திறந்தபடியே பிடித்தான்.

"டேய் சம்பங்கி, நெனைக்கறதுக்கு முன்னயே கை மேல போவுதுடா!" என்று என்னிடம் ஓடிவந்தான். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மெழுகுவத்தி வேலை எனக்கும் வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் மறுநாள் போட்டியில் அவன் ஒருவனே ஏழு கூடை போட்டான். துரை தோளில் தட்டி, "இத்தனை தைரியக்காரன் மெழுகுவத்தி குடுக்கறதா? அடியிலேயே இரு, உன் கூட்டத்துக்கு நீ மேஸ்திரி" என்றான்.

"மேல வேலைதான் வேணுங்க, தொர."

"ஏன், மறுபடி பயமா?"

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்பராஜ் இல்லையென்று தலையாட்டினான். மெழுகுவத்தி வேலை துரையின் சமையற்காரனுடைய மச்சானுக்குப் போயிற்று.

ஐந்தாம் நாள் ஷாஃப்டின் அடியில் இருந்தோம். மேலிருந்து "வுழுது!" என்று சத்தம் வந்தது. நான் பாறையோடு ஒட்டினேன். திரும்பினால், நட்டநடுவில் இன்பராஜ் நிற்கிறான். முகம் அண்ணாந்திருந்தது, இரண்டு கையும் மேலே நீண்டிருந்தன. அடப்பாவி! "குனிடா!" என்று நான் கத்துவதற்குள் துளையிடும் இரும்புக் கம்பி இறங்கிவிட்டது.

கல்லறையில் துரை தொப்பியைக் கழற்றினான். "கடைசிவரை குனியலே. நான் சொல்லிக் கொடுத்தது மறக்கலே" என்றான். பெருமையாகவே சொன்னான், பாவி.

ஞானசுந்தரி அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மத்தவங்களுக்கு அத மறக்கடிக்க எத்தினி நாளு ஆவும், தொர?"

துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். இரண்டு வாரத்தில் மெழுகுவத்தி வேலை மறுபடி காலி என்று சொல்லியனுப்பினான். அந்த ஞாயிறு கம்பத்தடியில் இன்பராஜ் நின்ற இடத்தில் நான் போய் நின்றேன்.