துடக்குக் கை கழுவிய நிலம்

பலெர்மோவுக்குப் பிழைக்க வந்த எங்கள் ஆட்களுக்கென்று கோயில் தொடங்கிய கதையை இப்போது யார் யாரோ மேடையேறிச் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். வுச்சீரியா சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மீன் கிடங்கு வாடகைக்குக் கிடைத்தது. பிள்ளையாரை வைத்துத் தொடங்கலாம் என்றார் தலைவர். அவரை ஒருவரும் தெரிவு செய்யவில்லை. அவர் வீட்டில்தான் டெலிபோன் இருந்தது, அவ்வளவுதான். ஊரில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் அவர் காதில் விழுந்த பிறகுதான் எங்களுக்கு வரும்.

கிடங்கைக் கழுவியது நான். பகல் முழுக்க எசமானி சின்யோரா வீட்டில் நிலம் துடைத்துவிட்டு, பின்னேரம் இங்கே வந்து முழங்காலில் நின்று உரஞ்சுவேன். மீன் வெடுக்கு லேசில் போகிற சாமானா? சியாகுல்லி எலுமிச்சந் தோட்டத்தில் வேலை செய்த என் கணவர் கொண்டுவரும் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்ததில் விரலெல்லாம் வெடித்துவிட்டது. முதல் விளக்கை நான்தான் ஏற்றவேண்டும் என்று தலைவர் வாக்குத் தந்திருந்தார். எனக்கு அந்த ஒரு ஆசைதான்.

திறப்பு நாளன்று நெய்யும் திரியுமாக இருவரும் போனோம். தலைவர் வாசலிலேயே மறித்தார். கணவரின் சித்தப்பா ஊரில் மோசம் போய்விட்டாராம். சாவுத் துடக்கு, ஒரு மாதத்துக்குக் கோயிலுக்குள் வரப்படாதாம். தகப்பனில்லாத இவரை வளர்த்து, தன் காணியை விற்று இஞ்சை அனுப்பியவர் அந்தச் சித்தப்பா. இவர் அப்படியே நடைபாதையில் குந்திவிட்டார்.

"எப்ப செய்தி வந்தது, அண்ணை?" என்று கேட்டேன்.

"போன கிழமை. வேலை முடியட்டும் எண்டு இருந்தனான்."

போன கிழமை முழுக்க நான் உள்ளே உரஞ்சினேன். என் கணவரோ ஞாயிற்றுக்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் சிநேகிதரோடு மீன் சாப்பிட்டு, சிரித்துக்கொண்டு வந்தார். தலைவர், பாவி மனுசன், எங்களுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"அப்ப துடக்குக் கைதானே உந்த நிலத்தைக் கழுவினது?"

"அதுக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சாச்சு. இனிச் சுத்தம்."

"அப்ப எனக்கும் தெளியுங்கோ."

தலைவரின் கையில் மஞ்சள் தண்ணிச் செம்பு இருந்தது. தெளிக்காமல் செம்போடேயே உள்ளே போய்விட்டார். முதல் விளக்கை அவருடைய மனைவி ஏற்றினார். உள்ளே மீன் வெடுக்கே இல்லை என்று எல்லோரும் வியந்து கதைத்தது வாசல்வரை கேட்டது.