மார்பியாவும் பெத்திடினும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றில் வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. குடல்வால் பழுத்துவிட்டது என்று அன்றைக்கே ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் வலி என்றால் என்னவென்று தெரிந்தது. டாக்டரம்மா வந்து, கை நரம்பில் மெள்ள மெள்ள மார்பியா ஊசியை ஏற்றினார். அவர் ஊசியை எடுப்பதற்குள்ளேயே சுகம். வலி இருந்தது, ஆனால் வேறு யாருக்கோ வலிப்பதுபோல் இருந்தது. அசந்து தூங்கிவிட்டேன். விழித்தால் மூக்கு அரித்தது, முகமெல்லாம் அரித்தது, பிறகு வாந்தி. தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுக்கிற பாடு யாருக்கும் வேண்டாம்.

பக்கத்துக் கட்டிலில் கடற்கரைத் தெரு அக்கா ஒருத்தி. அவள் கணவர் கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டல். அதாவது தோணிக்குத் தலைவர். அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டியை எடுத்திருந்தார்கள். அவளுக்குப் போட்டது பெத்திடின் என்ற புது மருந்து. வாந்தி இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் வலி சீக்கிரமே திரும்பிவிட்டது.

"டீச்சரு, ஒங்களுக்கு என்ன மருந்து போடுதாவ? நல்லா ஒறங்குதீங்களே! எனக்குக் கண்ணு மூடுததுக்குள்ள வலி வந்து எழுப்பிருது."

"ஒறக்கம் வருதுக்கா. முழிச்சா கொடலே வெளிய வாரமாதிரி இருக்கு. ஒங்க மருந்து எனக்குக் கெடைச்சாத் தேவல."

டாக்டரம்மா வந்ததும் இருவரும் ஒரே குரலில் முறையிட்டோம். "என்ன, ரெண்டு பேரும் மீனு மாத்துதமாதிரி மருந்த மாத்திக்கிடுதீகளா?" என்று சிரித்தார். நாடி பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கடைசியில் மாற்றியே போட்டார்.

பெத்திடின் போட்டதும் எனக்கு லேசாகத் தலை சுற்றியது, வாய் வறண்டது. வலி முழுக்கப் போகவில்லை, பொறுக்கும்படி இருந்தது. வாந்தி நின்றதே பெரிய காரியம்.

அக்கா கண்ணை மூடிப் புன்னகையோடு கிடந்தாள். திடீரென்று வார்டே அதிரும்படி, "ஏலே, காத்து மாறுது! பாய எறக்குங்கலே!" என்றாள். நர்ஸ் திகைத்து நின்றாள். "ஒன்னத்தாம்லே! அங்கன என்ன வேடிக்க பாக்க? கயத்தப் பிடி!"

நர்ஸ் சட்டென்று கொசுவலைக் கயிற்றைப் பிடித்து, "பிடிச்சிட்டேன் தண்டலே!" என்றாள்.

வார்டு முழுக்கச் சிரிப்பு. நான் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். "சிரிக்காதீக டீச்சர், தையல் பிரிஞ்சிரும்" என்ற நர்ஸே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அக்காவின் கணவர் வந்ததும் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "காத்து எந்தப் பக்கம் மாறுச்சாம்?" என்று கேட்டார். அக்கா வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அப்புறம்தான் அவருக்கும் அடக்க முடியவில்லை.

"ரெண்டு மருந்துல எது ஒசத்தி டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒனக்கு மார்பியா ஒத்துக்கிடல, அவளுக்கு ஒத்துக்கிட்டுது. அம்புட்டுதான்" என்றார் டாக்டரம்மா.

ஊசியே வேண்டாம் என்று ஆன அன்று, இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வராந்தாவரை நடந்தோம். கடற்காற்று முகத்தில் அடித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக எனக்கு அப்படி ஒரு பசி எடுத்தது.