நடுவிலிருந்து தொடங்கிய போர்வை

தெருவில் எல்லோரும் அவரைத் 'தலைவர்' என்றுதான் கூப்பிட்டார்கள். கட்சியும் கிடையாது, கொடியும் கிடையாது. தெருவிலுள்ள தலை அத்தனையும் மாதத்துக்கு ஒரு தடவையாவது அவர் கைக்குக் கீழே குனிந்தாக வேண்டும், அதனால் வந்த பெயர். சலூன் அவருடையது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியின் தையல் கடை. தடுப்பில் ஒரு முகம் தெரியும் அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. டீ கிளாஸைக் கைமாற்றிக்கொள்ள என்று வெட்டியது; பெரும்பாலும் சண்டைதான் கைமாறியது.

தலைவருக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை. "கத்தி பிடிச்ச நாள்ல இருந்து ஒரு கழுத்துலகூட ரத்தம் பாக்காத கை இது" என்பார்.

"அப்ப என் காதுல இருக்கற தழும்பு?" என்று நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும்.

"அது உன் காது ஆடினதால வந்தது. என் கை ஆடாது."

இப்படிப்பட்ட மனிதர் பஞ்சு வைத்துப் போர்வை தைக்கிறார் என்றால் புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அது தொடங்கியதே அவர் மனைவியால்தான். தையல்காரம்மா ஆசைப்பட்டு, துணியும் பஞ்சும் நூலுமாக ஒரே பெட்டியில் வரும் போர்வைக் கிட் ஒன்றை வாங்கினார். பிரித்துப் பார்த்தார். "மெஷின் இருக்கும்போது கையால தைக்க எனக்கென்ன பைத்தியமா?" என்று ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டார். அந்தப் பக்கம் பைத்தியம் தயாராக உட்கார்ந்திருந்தது.

கிட்டைத் திறந்தால் மேலே ஒரே துணி. ஒட்டுப்போட்டது இல்லை, வெள்ளை வெளேரென்று ஒரே துணி. அதில் பூவும் கொடியும் இறகுமாக நீலக் கோட்டில் அச்சடித்திருக்கும். அடியில் போட இன்னொரு துணி, நடுவில் வைக்கப் பஞ்சு விரிப்பு. மூன்றையும் அடுக்கி, பெரிய கச்சாத் தையலால் பிடித்து, வளையத்தில் மாட்டி, அந்த நீலக் கோட்டின் மேலேயே பொடிப்பொடியாக ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு போக வேண்டும். எப்போதும் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்திலிருந்து வந்தால் துணி நடுவில் கூடி முட்டிக்கொள்ளும். முடித்ததும் பச்சைத் தண்ணீரில் முக்கினால் நீலம் கரைந்து ஓடிவிடும். வெள்ளைமேல் வெள்ளையாக, பூ மட்டும் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும்.

தலைவர் இதற்குப் போட்டுக்கொண்ட சட்டதிட்டங்களைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் தோற்றுவிடும். வெட்டிய முடித்துணுக்கு ஒன்று பஞ்சுக்குள் போனால் ஆயுளுக்கும் வெளியே வராது என்று, தைப்பதற்கென்றே ஒரு சட்டையைத் தையல் கடையில் மாட்டி வைத்திருந்தார். சலூன் ஓய்ந்த நேரம் கையை முழங்கைவரை கழுவி, சட்டை மாற்றி, அந்தப் பக்கம் ஜன்னலோரம் போய் உட்காருவார். கிட்டோடு வரும் பருத்தி நூல் இழுத்தால் அறுகிறது என்று மனைவியின் பெட்டியிலிருந்து பாலியஸ்டர் நூல்கண்டை எடுத்துக்கொள்வார். கேட்காமல்தான். ஒரு மெத்தை உறை, ஒரு தொட்டில் போர்வை, ஒற்றைக் கட்டில் போர்வை இரண்டு என்று வரிசையாக முடித்தார். ஒவ்வொன்றையும் சலூனில் ஒரு வாரம் தொங்கவிட்டு, முடி வெட்ட வந்தவன் பாராட்டாமல் எழுந்திருக்க முடியாதபடி பார்த்துக்கொண்டார்.

இவ்வளவு வாய் உள்ளவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு ஒரே மகள். கப்பலில் இன்ஜினியர் வேலைக்குப் படித்தாள். வேலை கிடைத்ததும் தலைவர் வேண்டாம் என்றார். காரணம் கேட்டாள், கடல் என்றார். அவளும் அவர் மகள்தானே, பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். "போறதுன்னா போ" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு வாடிக்கையாளரின் தாடிக்குச் சோப்பு நுரை போடப் போய்விட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சலூன் வாசலைத் தாண்டிப் போனபோது கண்ணாடியில் பார்த்தார். அவர் தலையைத் திருப்பவில்லை.

அன்று முதல் அவள் ஃபோன் எல்லாம் அம்மாவுக்குத்தான். "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்பாள். தையல்காரம்மா ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பார். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்னு சொல்லு" என்பார் தலைவர். அந்தம்மாவும் அதையே சொல்வார்.

மகள் போன மறுநாளே அவர் துணிக்கடைக்குப் போய், அங்கே இருந்ததிலேயே பெரிய கிட்டை வாங்கி வந்தார். இரட்டைக் கட்டிலுக்கான போர்வை, நடுவில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு பூ. "சும்மா, பொழுது போகணும்ல" என்றார். யாருக்கு என்று தெருவுக்கே தெரியும். அவர் கணக்கு என்னவென்றால், அவள் திரும்பி வரும் நாளில் ஒரு வார்த்தை பேசாமல் இதை அவள் கட்டிலில் விரித்துவிட வேண்டும். நீ போனதில் உன் அப்பன் கை ஒரு நூல்கூட ஆடவில்லை, பார்த்துக்கொள் என்று போர்வை சொல்ல வேண்டும். பாசத்தையும் வீம்பையும் ஒரே ஊசியில் கோத்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மூன்று வருஷம் ஓடியது. மகள் லீவில் வருகிறாள் என்று செய்தி வந்த வாரத்தில் போர்வையின் கடைசி ஓரமும் முடிந்தது. அலசி நீலத்தைப் போக்குவது ஒன்றுதான் பாக்கி. தலைவர் பிளேடும் பவுடரும் வாங்கக் கிளம்பினார்.

திரும்பி வந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மெஷினும் ஓடவில்லை, வாயும் ஓடவில்லை. ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். வெட்டு மேஜைமேல் போர்வை விரிந்து கிடந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. அதன் பக்கத்தில் பேயறைந்த மாதிரி அவர் மனைவி.

பாவம், அந்தம்மா கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. தன் கடையிலிருந்து எந்தத் துணியும் இஸ்திரி படாமல் வெளியே போகக் கூடாது என்பது அவர் சட்டம். அவர் துணியில் குறி போடுவது மெழுகுச் சாக்குக் கட்டியால். சூடு பட்டால் அந்தக் கோடு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இந்த நீலக் கோடும் அப்படித்தான் போகும், தலைவருக்கு அலசுகிற வேலை மிச்சம் என்று நினைத்துவிட்டார். அழகான இடத்தை முதலில் பார்க்கும் ஆசையில் நடுப் பூவிலிருந்து ஆரம்பித்தார். கோடு போகவில்லை. சூடு போதவில்லை என்று கூட்டினார். இன்னும் கூட்டினார். கிட் மையோ சூடு பட்டால் துணியோடு ஒட்டிக்கொள்ளும் ஜாதி. நீலம் பழுப்பாகி, டீ கொட்டிய கறை மாதிரி பூ முழுக்க நின்றுவிட்டது.

"திட்டுங்க" என்றார் தையல்காரம்மா. "வாயை மூடிட்டு நிக்காதீங்க. திட்டுங்களேன்."

தலைவர் திட்டவில்லை. போர்வையைத் தூக்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் முக்கினார். ஓரத்துக் கொடிகளில் இருந்த நீலமெல்லாம் சொன்னபடி கேட்டு ஓடியது. நடுப் பூ மட்டும் பழுப்பாகவே கிடந்தது. சோப்பும் போட்டுப் பார்த்தார், ஊறவும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"வேற கிட் வாங்கலாங்க. நானும் சேர்ந்து தைக்கறேன். கையாலயே தைக்கறேன்."

"கிட் வாங்கிடலாம். மூணு வருஷத்தை எந்தப் பெட்டியில போட்டு விப்பான்?"

அவ்வளவுதான், தையல்காரம்மா உடைந்து அழுதுவிட்டார். அந்தம்மா அழுது தலைவரே பார்த்ததில்லை. "புள்ளை மூணு வருஷம் கழிச்சு வரா. அவ கண்ணுல மொதல்ல இந்தக் கறைதான் படும். எங்கம்மா வேலைன்னு காலத்துக்கும் சொல்லுவா."

"அழாத" என்றார் தலைவர். "நான் எதுக்கு இருக்கேன்?" எதற்கு இருக்கிறார் என்று அந்த நிமிஷத்தில் அவருக்கே தெரியாது. ஆனால் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வங்கிக்காரர் ஒருவர் வழக்கம்போல் டை அடிக்க வந்து உட்கார்ந்தார். தலைவர் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தோய்த்து அவருடைய முன்நெற்றியில் ஓர் இழுப்பு இழுத்தார். இழுத்த கை அப்படியே நின்றது. போகாத வெளுப்பைப் போக்காதே, மேலே நிறத்தைப் போடு. இதைத்தானே வாழ்நாளெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம்! வங்கிக்காரருக்குக் கிடுகிடுவென்று அடித்து முடித்து, முழுசாகக் காயவும் விடாமல் அனுப்பினார். பாவம், அந்த மனிதர் காதோரம் கறுப்பாகவே வேலைக்குப் போனார்.

சாயப் பட்டறைக்காரர் போர்வையை வாங்கிக் கையால் நிமிண்டிப் பார்த்தார். "கருநீலம் போட்டா கறை அமுங்கிடும், தலைவரே. ரெண்டு துணியும் பருத்தி, நல்லா குடிக்கும். நூல் என்ன நூல்?"

"பாலியஸ்டர்."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. என் சாயம் பருத்தியைத்தான் பிடிக்கும், இந்த நூலைப் பிடிக்காது. துணி நீலமாயிடும், தையல் வெள்ளையாவே நிக்கும். ஒவ்வொரு தையலும் பல்லைக் காட்டும். தையல் ஒழுங்கா இருக்குமா?"

"யார்கிட்ட என்ன கேக்கறீங்க?" என்று சிரித்தார் தலைவர். "நல்லா பல்லைக் காட்டட்டும். அளந்து வெச்ச மாதிரி இருக்கும்."

பட்டறைக்காரர் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். உண்மைதான், எறும்பு வரிசை போல ஒரே சீராக இருந்தது. பிறகு நடுப் பகுதியைப் புரட்டினார். விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். "நடுவுல மட்டும் வேற யாராச்சும் தைச்சாங்களா?"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், இத்தனை நாளும் தெரியவே இல்லை. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை. தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கோட்டை விட்டு விலகிப்போய்த் திரும்பி வந்திருந்தது. ஓரிடத்தில் ஒரே துளையில் இரண்டு தடவை குத்தியிருந்தது. ஓர் இதழ் முழுக்கக் குடிகாரன் நடந்த மாதிரி கிடந்தது. மகள் போன அந்த மாதம் அவர் தைத்த இதழ் அது. கடைக்கு வந்தவனிடமெல்லாம் குத்துக்கல் கதை சொல்லிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தது.

"நாந்தான்" என்றார்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர், மேலே கேட்கவில்லை. "நடுவுல மட்டும் பிரிச்சுத் திரும்பத் தைச்சுட்டு வாங்களேன். அடுத்த வாரம் போட்டுக்கலாம்."

"நாளன்னிக்கு வந்துடுவா."

"அப்ப வெள்ளையாவே விட்டுடுங்க. கறைதானே? இந்தத் தையல் தெரியாது."

தலைவர் கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளையாக விட்டால் அவர் மானம் தப்பும். கறை தெரிந்து அவள் அம்மா கூனிக்குறுக வேண்டும். சாயம் போட்டால் கறை போகும்; மூன்று வருஷமாக அவிழ்த்துவிட்ட பொய் அத்தனையும் கட்டிலில் விரித்துப் போட்ட மாதிரி ஆகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், கருநீலத்தில் வெள்ளை நூலை மறைக்க முடியாது.

"ஊர்த் தலையெல்லாம் என் கைக்குக் கீழே குனிஞ்சிருக்கு" என்றார் கடைசியில். "நான் ஒரு தடவை குனிஞ்சா குறைஞ்சா போயிடுவேன்? முக்குங்க."

மகள் வந்தாள். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, ஒட்ட வெட்டிய தலைமுடியோடு வந்து நின்றாள். "யார் வெட்டினது இந்த முடியை?" என்பதுதான் தலைவர் முதலில் கேட்டது. "கப்பல்ல சமையல்காரர்" என்றாள். "தெரியுது" என்றார். மூன்று வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாடியறைக் கட்டிலில் போர்வை விரித்திருந்தது. கருநீலத்தில் வெள்ளைக் கொடிகள் ஓரமெங்கும் பளிச்சென்று ஓடின. மகள் வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு ஓரத்தில் கையை வைத்து, தையலைத் தடவிக்கொண்டே உள்ளே உள்ளே போனாள். நடுப் பூவுக்கு வந்ததும் கை நின்றது.

அவளுக்கும் இந்த வேலை தெரியும். அவர் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தவள்தானே. நடுவில்தான் தொடங்குவார்கள் என்றும் தெரியும்.

தலைவர் பதில் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். அப்போது கண்ணாடி சரியில்லை, புதுசு மாற்றவில்லை என்று சொல்வதாக உத்தேசம். மாடிப்படி ஏறும்போதுகூட ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"இதுவும் நீங்க தைச்சதாப்பா?" என்றாள்.

"நாந்தான்."

"எப்போ?"

"நீ போனப்போ." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கை நிக்கலம்மா. எவ்வளவோ பாத்தேன். நிக்கல."

மகள் அந்தக் கோணல் இதழின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வீட்டில் அழுகையைக் காட்டிப் பழக்கமில்லை. தையல்காரம்மா மட்டும் பழக்கத்தை மீறிப் புடவைத் தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

முகத்தைத் திருப்பாமலே மகள் சொன்னாள்: "இதைக் கப்பலுக்கு எடுத்துட்டுப் போறேன்."

திரும்பிப் போவாள் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் தலைவருக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து, சலூனில் பேசுகிற குரலை எடுத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போ. ஆனா சொல்றதைக் கேட்டுக்கோ. வெந்நீர்ல போடக் கூடாது. பச்சைத் தண்ணியில அலசணும். முறுக்கிப் பிழியக் கூடாது, பஞ்சு ஒரு பக்கமா ஓடிடும். நிழல்ல கிடத்திக் காய வைக்கணும், கயித்துல தொங்கவிட்டா கனம் தாங்காம தையல் இழுக்கும். ஒரே மடிப்புல மடிக்காத, மடிப்பு மாத்தி மாத்தி வை."

"சரிப்பா."

"வருஷத்துக்கு ஒரு தடவை தையல் எங்கயாவது விட்டிருக்கான்னு பாக்கணும். முக்கியமா அந்த நடுப் பூ. அது உனக்குப் பாக்கத் தெரியாது. நான்தான் பாக்கணும்."

"பார்சல் பண்ணி அனுப்பட்டுமா?"

"பார்சல்லயா?" என்றார் தலைவர். குரல் கொஞ்சம் பிசிறியது, மறைக்கவும் முயலவில்லை. "பார்சல்ல எல்லாம் வேண்டாம். நீயே எடுத்துட்டு வா."